நம்ம ஊர் மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகு ஒட்டுக்கடையில் நடந்த வாக்குவாதத்தின்போது நானும் அங்கேதான் இருந்தேன். "99-ஐப் பார்த்தவன்தான் யுனைடெட் ரசிகன், நீங்களெல்லாம் நேற்று முளைத்தவர்கள்" என்றார் ஓர் அண்ணன். "பழங்கதையை விடுங்க, கிளப்பின் முதலாளி கிளேசர் குடும்பம் வெளியே போனால்தான் விடிவு" என்று ஒரு தம்பி பதில் சொன்னான். இன்னோர் அண்ணன் குறுக்கே வந்து, "முதலாளி யாராயிருந்தால் நமக்கென்ன? நாம் பந்தைப் பார்ப்போம்" என்று பேச்சையே முடித்துவிட்டார். அந்தத் தம்பி தே தாரேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்குச் சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன்.

99-ஐ நானும் பார்த்தேன். அப்போது எனக்கு 15 வயது. பார்சிலோனாவில் நடந்த அந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் நம் நேரத்துக்கு மே 27 விடியற்காலை 2.45-க்குத் தொடங்கியது. தோட்டத்துக் கடைக்காரர் டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். கூட்டத்தில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அப்பா கையைப் பிடித்து நின்றதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது நிமிடத்திலேயே எதிரணி பயர்ன் மியூனிக் கோல் அடித்துவிட்டது. நம் ரோய் கீனுக்கும் ஸ்கோல்ஸுக்கும் ஆடத் தடை. 90 நிமிடமும் ஆகிவிட்டது. பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப்பதிவுக்கு, நேரமாகிறது என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அப்பாவும் ரப்பர்ப் பால்வெட்டும் கத்தியை இடுப்பில் செருகி, தலைவிளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நம் ஷெரிங்கம் கோல் அடித்தார். அப்பா கட்டிய விளக்கோடு தரையில் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் சோல்ஷா காலை நீட்டி வெற்றி கோலைப் போட, அப்பா என்னை அப்படியே தூக்கிவிட்டார். விளக்கு என் நெற்றியில் இடித்து வீங்கிப்போனது. வீங்கிய நெற்றியோடு நான் பள்ளிக்குப் போனேன், கண் மூடாமல் அவர் பால் வெட்டப் போனார்.

ஆகவே 99-ஐ யாரும் குறைத்துப் பேசினால் எனக்கும் கோபம் வரும். ஆனால் அண்ணே, அந்த வருடத்தைப் பேசும்போது அதில் பாதியை விட்டுவிடுகிறோம். 1998 செப்டம்பரில் ஊடக முதலாளி மெர்டோக்கின் பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனம் 623 மில்லியன் பவுண்டுக்கு யுனைடெட்டை வாங்க வந்தது. கிளப்பின் இயக்குநர்களும் சரி என்றுவிட்டார்கள். ரசிகர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பங்கு வைத்திருந்த சாதாரண ரசிகர்களும் ரசிகர் சங்கமும் சேர்ந்து மனு எழுதினார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பிடித்தார்கள், விசாரணைக் குழுவிடம் வாதங்களை வைத்தார்கள். 1999 ஏப்ரல் மாதம் பிரிட்டிஷ் அரசாங்கம் அந்த விற்பனையைத் தடுத்துவிட்டது. அதற்குச் சில நாள் கழித்துத்தான் அர்செனலுக்கு எதிராகக் கிக்ஸ் அந்த கோலை அடித்தார். சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினாரே, அதே கோல். முதலாளியைப் பற்றி ரசிகன் கவலைப்பட்டது அந்தப் பொற்காலத்திலேயே நடந்த விஷயம். தம்பி பேசியதும் அதே பேச்சுதான்.

தம்பிமாரே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதலாளி என்றாலே கெட்டவன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் ஆரம்பித்த குழு இது. நம் தோட்டத்து ஆட்கள் வேலை முடிந்து திடலில் இறங்கியது போலத்தான் அவர்களும் இறங்கியிருப்பார்கள். 1902-இல் கடனில் மூழ்கி மூட இருந்த நேரத்தில், டேவிஸ் என்ற பியர் ஆலை முதலாளி காசு போட்டுக் காப்பாற்றினார். மென்செஸ்டர் யுனைடெட் என்ற பெயரே அப்போது வந்ததுதான். 1910-இல் ஓல்ட் டிராஃபர்ட் எழுந்ததும் அவர் பணத்தில். அவர் கொண்டு வந்து போட்டார்.

2005-இல் நடந்தது வேறு. கிளேசர் குடும்பம் ஏறக்குறைய 790 மில்லியன் பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனையும் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். உங்கள் வீட்டை ஒருவர் உங்கள் வீட்டின் மேலேயே கடன் எடுத்து வாங்கிக்கொண்டு, மாதத் தவணையை உங்களையே கட்டச் சொன்னால் எப்படி? அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப், வட்டி, கடன் செலவு, பங்காதாயம் என்று இதுவரை நூறு கோடி பவுண்டுக்கு மேல் இறைத்திருக்கிறது. "கிளேசர் காலத்திலும் கப் வந்ததே" என்று அண்ணன் கேட்டார். வந்தது, உண்மை. 2008-இல் ஐரோப்பியக் கோப்பையே வந்தது. பயிற்சியாளர் பெர்குசன் என்ற ஒரு மனிதர் அத்தனை ஓட்டையையும் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார் என்றுதான் நான் நினைக்கிறேன். 2013-இல் அவர் போனார். அதற்கப்புறம் ஒரு லீக் பட்டம்கூட இல்லை.

2024-இல் ஜிம் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் பணக்காரர் கால் பங்குக்கு மேல் வாங்கிக் காற்பந்து நிர்வாகத்தை எடுத்தார். நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போனது. ஊழியர்களின் இலவச மதிய உணவையும் நிறுத்தப் போகிறார்கள், பழம் மட்டும் கிடைக்கும் என்று செய்தி வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நம் தோட்டம் கைமாறியது ஞாபகம் வந்துவிட்டது. முதலில் பெயர்ப்பலகை மாறியது. அப்புறம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையை மூடினார்கள். ஒருநாள் காலையில் திடலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள், செம்பனைக் கன்று நட. கோல் கம்பம் இரண்டையும் பிடுங்கி வாய்க்கால் ஓரம் போட்டிருந்தார்கள். தோட்டத்து எழுத்தர் கிராணியிடம் கேட்டால் "மேலிடத்து முடிவு" என்றார். "முதலாளி யாராயிருந்தால் நமக்கென்ன" என்று அன்றைக்கு லயத்திலும் சிலர் சொன்னார்கள். அந்தத் திடலில் ஆடியவர்களில் மூன்று பேர் சனிக்கிழமை நம் மேசையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

2025 மே 28-ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குப் போனோமே, அதையும் சொல்ல வேண்டும். யுனைடெட்டுக்கு லீக்கில் 15-ஆவது இடம். அதற்கு ஒரு வாரம் முன்புதான் பில்பாவோவில் டோட்டன்ஹாமிடம் இறுதியாட்டத்தில் தோற்றிருந்தார்கள். அந்தக் களைப்போடு ஆட்டக்காரர்களை விமானத்தில் ஏற்றி, வருமானத்துக்காக இங்கே கூட்டி வந்தார்கள். நாமும் வேன் பிடித்து, மதியமே கிளம்பிப் போனோம். அரங்கத்தில் 70,000 பேருக்கு மேல். தென்கிழக்காசிய ஆட்டக்காரர்கள் சேர்ந்த ஆசியான் குழுவுக்காக மியன்மார் ஆட்டக்காரர் மாவ்ங் மாவ்ங் லுவின் அடித்த ஒரே கோலில் தோற்றார்கள். 2009-இல் இதே அரங்கில் மலேசியக் குழுவின் அம்ரி யாஹ்யா இரண்டு கோல் அடித்தும் 3–2 என்று ஜெயித்த குழு அது. ஆட்டம் முடிந்ததும் நம் ஆட்களே ஊளையிட்டார்கள். நான் ஊளையிடவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. திரும்பும் வழியில் வேனில் தாப்பா வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த டிக்கெட் காசு நம் காசு. "தூரத்து ரசிகனுக்கு என்ன பேச்சு" என்று இனி யாரும் சொல்லாதீர்கள். நம்மை நம்பித்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வருடமும் புது சீசனுக்கு ஒரிஜினல் ஜெர்சிக்குப் பெயர் எடுக்கிறீர்கள். ஒன்று முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல். இருபது பேர் என்றால் ஆறாயிரத்தைத் தாண்டும். இந்த முறை அந்த நோட்டைத் திறக்க வேண்டாம். பழைய ஜெர்சியே போடுவோம். என்னிடம் அப்பா பசார் மாலாமில் வாங்கித் தந்த பெக்கம் சட்டை இன்னும் இருக்கிறது. அந்தக் காசில் தமிழ்ப்பள்ளித் திடலுக்கு வலையோடு இரண்டு கோல் கம்பம் வாங்கலாம். பிள்ளைகள் இப்போது செருப்பைக் கழற்றி வைத்துத்தான் கோல் போடுகிறார்கள்.

இருபது சட்டையால் கிளேசருக்கு ஒரு நஷ்டமும் வராது, தெரியும். அதனால்தான் ஒரு கடிதமும் எழுதலாம் என்கிறேன். அங்கே யுனைடெட் ஆதரவாளர் அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. 98-இல் மெர்டோக்கை எதிர்த்துச் சேர்ந்த பங்குதாரர் ரசிகர்களின் வழியில் வந்தது. நாம் இத்தனை பேர், இந்த ஊரில் இருக்கிறோம், கடனைப் பற்றி எங்களுக்கும் கவலை உண்டு என்று அவர்களுக்கு எழுதுவோம். அண்ணன்மார் 99-ஐப் பற்றிச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் எழுத அந்தத் தம்பி இருக்கிறான். எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்.

வரும் சனிக்கிழமை அவனை யாராவது போய்க் கூட்டி வாருங்கள். கோபத்தில் இருப்பான், பெரியவர்கள் கூப்பிட்டால் வருவான்.

அன்புடன்,
பழைய தோட்டத்து மூணாம் லயத்துப் பெண்