சாணுக்கும் முழத்துக்கும் நடுவே

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி "நல்லாத்தான் இருக்கேன்ப்பா" என்று நீ சொன்னபோது பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூச்சு விடாமல் பேசினாய். கடைசியில், "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் போனா என்ன, முழம் போனா என்ன" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பழமொழியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் பாப்பா. சாண் அளவு என்றால் எம்பினால் மூக்கு வெளியே வந்துவிடும். முழம் என்றால் வராது. உன் வேலையின் கெடுவும் கணக்கும் எனக்குப் புரியாது, வெள்ளத்தை வடிய வைக்க என்னால் ஆகாது. முழத்தைச் சாணாக்கும் வழி மட்டும் கொஞ்சம் தெரியும்.

இதைப் படிக்கும்போதே உன் தோளைக் கவனி. காதை நோக்கி ஏறியிருக்கும். பல்லும் கடித்தபடி இருக்கும். பள்ளிக்கூட நாளில் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நீ அப்படித்தான் உட்கார்ந்திருப்பாய். பென்சிலை அழுத்திப் பிடித்ததில் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். தோளை இறக்கு. தாடையைத் தளர்த்து. 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழு, 6 எண்ணும்வரை மெதுவாக விடு. இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும், விடும்போது நிதானப்படும். அது உடம்பின் இயல்பு. அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறேன். மூளையிலிருந்து இதயம், வயிறு வரை போகிற வேகஸ் நரம்பு அப்போது படபடப்பை அடக்குகிறது. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார், நாடியிலேயே தெரியும். 5 நிமிடம் போதும். தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் உடனே விட்டுவிட்டு, எப்போதும்போல மூச்சு விடு.

மனசு அமைதியானால்தான் உடம்பு அமைதியாகும் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். பெரும்பாலும் உடம்பை முதலில் உட்கார வைத்தால் மனசு தானே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் எனக்கு வேலையில் மோசமான காலம். எல்லாம் முடியட்டும், அப்புறம் ஓய்வெடுக்கலாம் என்றே இருந்தேன். ராத்திரி 9 மணிக்கும் காபி. குடித்து 5 மணி நேரம் ஆனாலும் காபியில் உள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. விடியற்காலை 3 மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பேன். ஒருநாள் நீ வரைந்த படத்தைக் காட்ட ஓடி வந்தாய். "போ, அப்புறம் பார்க்கலாம்" என்று கத்திவிட்டேன். நீ அழவில்லை. படத்தை நான்காக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாய். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்று ராத்திரிதான் ஒரு தாளை எடுத்து, மறுநாள் செய்ய வேண்டியதையெல்லாம் எழுதினேன். தலைக்குள் சுமந்தபோது நூறு வேலையாகத் தெரிந்தது, இறக்கி வைத்தால் பதினொன்றுதான் இருந்தது. அதில் எது நடக்காவிட்டால் நிஜமாகவே ஆபத்து என்று பார்த்து, இரண்டின் கீழே கோடு போட்டேன். பல நாளுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன். நீயும் படுக்கப்போகும் முன் எழுதிப் பார். போனில் வேண்டாம், தாளில் எழுது. போனைக் கையில் எடுத்தால் அது உன்னை எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று உனக்கே தெரியும். அதை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படு. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அதில் வெட்டி எடுத்து வேலைக்குக் கொடுக்காதே.

அப்புறம், நட. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது. ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். காலை வெளிச்சத்தில் நடந்தால் ராத்திரித் தூக்கமும் ஒழுங்குக்கு வரும். முடியாத நாளில் வாசல்வரை போய் வந்தாலும் சரி.

இவ்வளவும் செய்தும், வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் டாக்டரைப் பார். காய்ச்சலுக்குப் போவதுபோலத்தான் இதற்கும் போக வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தால்கூட, அது எந்த நேரமாக இருந்தாலும் என்னைக் கூப்பிடு. நான் பயந்துவிடுவேன் என்று மறைக்காதே.

நாளை ராத்திரி பேசும்போது லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் பேசு. சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்றாலும் பரவாயில்லை, சும்மா லைனில் இரு. நானும் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா