பறக்கும் மணி நேரத்தைப் பிரித்துக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான உங்கள் வழிகாட்டிப் பக்கத்தில் விமானிப் படிப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். பட்டமும் கிடைக்கும், பைலட் லைசென்சும் கிடைக்கும் என்று விரிவாகச் சொன்ன கட்டுரை, செலவை மட்டும் 'சற்று அதிகம்' என்ற இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டது. பொதுத்துறை வங்கியில் பல வருடம் கல்விக்கடன் பார்த்தவன் நான். அந்த இரண்டு சொல்லுக்குள் எத்தனை வீட்டுப் பத்திரம் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நம் நாட்டில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கப் பட்டம் தேவையே இல்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், 18 வயது, முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகள், 200 மணி நேரப் பறத்தல். இவைதான் கணக்கு. பி.எஸ்சி. ஏவியேஷன் பட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். கண்ணோ காதோ பின்னாளில் கோளாறு செய்தால் வேறு வேலைக்குப் போக உதவும். ஆனால் இரண்டையும் ஒரே தொகையாகப் போட்டுக் கேட்கும்போது பெற்றோருக்கு எது எதற்கு என்று தெரியாமல் போகிறது.

விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் மகனோடு வந்தார். மஞ்சள் பையில் வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, கல்லூரியின் கட்டணத் தாள். தாளில் ஒரே வரி: 'மூன்றாண்டுப் பட்டமும் விமானிப் பயிற்சியும்'. எதிரே ஒரு தொகை. "இதில் எத்தனை மணி பறக்க விடுவாங்க?" என்றேன். பையன் அங்கேயே கல்லூரிக்குப் போன் போட்டான். "டிஜிசிஏ விதிப்படி" என்று பதில் வந்தது. எழுதி வாங்கி வரச் சொன்னேன். "பெரிய காலேஜுங்க சார், ஏமாத்த மாட்டாங்க. நாளைக்குக் கடைசி நாளுங்க" என்றார் அப்பா. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு வேண்டும், வீடு இருந்தது. வங்கிக்கு ஆபத்தில்லை என்று நானும் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன். அது இன்றும் மனதை உறுத்துகிறது.

மூன்றாம் வருடம் முடிந்து அவன் லாக் புக்கைக் (பறந்த நேரத்தைப் பதியும் குறிப்பேடு) கொண்டுவந்தான். பக்கத்துக்குப் பக்கம் அடியில் கூட்டிப் போட்டிருந்தான். கடைசிக் கூட்டல் 71 மணி 20 நிமிடம். பட்டம் கைக்கு வந்துவிட்டது. மீதி மணிகளுக்குத் தனியாகக் கட்டச் சொல்கிறார்கள் என்றான். விமானம் பாதி நாள் பழுதில் நின்றதாம். படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். வங்கி பார்ப்பது படிப்பு முடிந்த தேதியை, லைசென்ஸ் வந்த தேதியை அல்ல. 40 லட்சம் கடனுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலே வட்டி மட்டும் மாதம் 33,000 ரூபாய்.

ஃபுர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாதமியிலேயே பயிற்சிக் கட்டணம் 45 லட்சம் அளவில் இருக்கிறது. லைசென்சுக்குப் பிறகு, ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தை ஓட்ட, அந்த ரக விமானத்துக்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங் என்று மேலும் பத்து லட்சத்துக்கு மேல் வேண்டும். போதாக்குறைக்கு, அந்த 200 மணிக்குள் தலைமை விமானியாகப் பறக்க வேண்டிய 100 மணியில் 15 மணி, லைசென்ஸ் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பயிற்சி இழுத்தால், பறந்ததையே மறுபடி காசு கொடுத்துப் பறக்க நேரிடும்.

2025-இல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடத் தொடங்கியது நல்ல காரியம். முதல் பட்டியலில் மேல் இரண்டு தரமும் ஒரு பள்ளிக்குக்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலோடு, பட்டத்துக்கு எவ்வளவு, பறப்பதற்கு எவ்வளவு, எத்தனை மணி, கூடுதல் மணிக்கு என்ன கட்டணம், முடித்துத் தராவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதையும் வெளியிட வைக்க வேண்டும். அதுவரை உங்கள் வழிகாட்டிப் பக்கமாவது இந்த ஐந்து கேள்வியையும் அச்சிடட்டும். பணம் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடச் சொல்லியும் எழுதுங்கள்.

அந்தப் பையன் இப்போது அப்பாவின் தறியைப் பார்த்துக்கொண்டு மீதி மணிக்குப் பணம் சேர்க்கிறான். 200 மணியும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. அவன் சேர்ந்து இது ஆறாவது வருடம். முதலில் பறந்த மணிகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிக்கொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
பள்ளிபாளையம்.