செயலாளர் ஆண்டறிக்கை: பிட் இல்லாம ஓட்டின வருஷம்

தலைவர், பொருளாளர், கமிட்டி உறுப்பினருங்க, லாயத்தைப் பாத்துக்கற அண்ணன்மாருங்க, காலங்காத்தால பசங்களைக் கூட்டிட்டு வர்ற பெற்றோருங்க எல்லாத்துக்கும் வணக்கமுங்க. வரவு செலவு பொருளாளர் தனியா வாசிப்பாரு, கோடை முகாம் வழக்கம் போல நல்லா நடந்துச்சு, அதனால அதுக்குள்ள எல்லாம் நான் போகல. இந்த அறிக்கையில முக்காவாசி ஒரே விஷயம்தான். நம்ம ரைடிங் ஸ்கூல்ல புதுசா கத்துக்க வர்றவங்க ஏறுற குதிரைங்களுக்கு பிட்டை, அதாவது வாய்க்குள்ள போற கடிவாள இரும்பை எடுத்துட்டு, அது இல்லாம மூக்கு மேல வார் போடுற கடிவாளமான பிட்லெஸ் பிரிடில் போடலாம்னு போன பொதுக்குழுவுல முடிவு பண்ணினோமே, அது என்ன ஆச்சுங்கறதுதான்.

ஏன் பண்ணினோம்னு புது உறுப்பினருங்களுக்காக ஒருக்கா சொல்லிடறேன். குதிரையோட கீழ்த்தாடையில முன்பல்லுக்கும் கடவாய்ப்பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாத ஒரு இடைவெளி இருக்கு, பிட் உக்கார்றது அங்கதான். அந்த எடத்துல எலும்போட விளிம்பு கூரா இருக்கும், அதுக்கு மேல மெல்லிசா ஈறு மட்டும்தான். நல்லா பழகின கை அங்க லேசா பேசும். ஆனா நடைக்கு அடுத்த வேகமான ட்ராட்டைப் புதுசா கத்துக்கற பிள்ளைக்கு இடுப்பு நிக்காது, விழுந்துடுவோமோன்னு லகானைப் புடிச்சுத் தொங்கும், ஒவ்வொரு குதிப்புக்கும் அந்த வெயிட் குதிரை வாயிலதான் போய் எறங்கும். அந்தப் பிள்ளை மேல தப்பில்லை, கத்துக்கற காலம் அப்படித்தான், ஆனா அதுக்குக் குதிரை வாய் எதுக்குங்க வலிக்கணும்?

வலி வெளிய தெரியாதுங்கறது இன்னும் மோசம். பின்லாந்துல ட்ராட்டிங் ரேஸ் முடிஞ்ச உடனே 261 குதிரைங்களோட வாயைத் தொறந்து பாத்து 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு, 84 சதவீதத்துக்கு பிட் படுற எடத்துல புதுக் காயம் இருந்துச்சு, ஆனா வெளிய ரத்தம் தெரிஞ்சது வெறும் 6 குதிரைக்கு மட்டும். அது ரேஸ், நம்மது ரைடிங் ஸ்கூல், ரெண்டும் ஒண்ணு இல்லைதான். ஆனாலும் "எங்க குதிரைக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கு"ன்னு வாயைத் தொறந்து பாக்காம யாரும் சொல்ல முடியாதுங்கறதுக்கு இது போதும். அதே மாதிரி 2009-ல ராபர்ட் குக், டேனியல் மில்ஸ்னு ரெண்டு ஆய்வாளருங்க நாலு குதிரைங்களை முதல்ல பிட்டோட, அப்புறம் கிராஸ்-அண்டர்ங்கற ஒரு வகை பிட்லெஸ்ல ஓட்டிப் பாத்து மார்க் போட வெச்சாங்க, சராசரி 37-ல இருந்து 64 சதவீதத்துக்குப் போச்சு. நாலே நாலு குதிரைதான், குக் அந்தக் கடிவாளத்தை வித்தவரும் கூட, அதனால அதை வேதவாக்கா எடுத்துக்க வேணாம்னு கமிட்டியிலயே பேசினோம். நம்ம லாயத்துல நாமளே பாக்கணும்னுதான் எறங்கினோம்.

மூணு வகை போட்டுப் பாத்தோம். சைடுபுல் நம்ம ஊர்ல சேணம் தைக்கிறவரே அழகா தெச்சுக் குடுத்துட்டாரு, ரெண்டு கன்னத்துலயும் வளையம், இடது லகானை இழுத்தா மூக்கு இடது பக்கம் வரும், பிள்ளைங்களுக்குப் புரிய வைக்க இதை விட சுலபம் இல்லை. கிராஸ்-அண்டர்ல வார் தாடைக்கு அடியில குறுக்கப் போறதால தலையை எதிர்ப்பக்கத்துல இருந்து தள்ளி விடும், சில குதிரைக்கு ரொம்பப் புடிச்சுது, ஆனா கையை விட்டதும் வார் உடனே தளராம நிக்குது, அது எனக்கு ஒப்பல. மெக்கானிக்கல் ஹாக்கமோர் நீளக் கம்பியும் தாடைச் சங்கிலியும் வெச்சது, மூக்கையும் தாடையையும் சேத்து நெருக்கும். பிட் இல்லைங்கறதால மட்டும் அது சாது ஆயிடாது, புதுக் கைக்கு அதைக் குடுக்கவே கூடாதுன்னு கோச் சொன்னதை கமிட்டி அப்படியே ஏத்துக்கிச்சு.

போடுற எடம்தான் எல்லாமேங்க. மூக்கெலும்பு கீழ வர வர மெலிஞ்சு குருத்தெலும்பா மாறிடும், மூக்கைச் சுத்தற வார், அதான் நோஸ்பேண்ட், தாழ்ந்துச்சுன்னா மூச்சும் அடைக்கும் எலும்பும் தாங்காது, குதிரை வாயால மூச்சு விடாதுன்னு ஞாபகம் வெச்சுக்கங்க. அதனால மூக்குத் துவாரத்துக்கு மேல நாலு விரல் தள்ளி, ரெண்டு விரல் உள்ள போற அளவுக்குத் தளர்வா. சித்திரை வெயில்ல வேர்த்து ரெண்டு குதிரைக்கு மூக்குல தோல் உரிஞ்சுது, அப்புறம் செம்மறி ரோமத் துணி சுத்தினதும் சரியாச்சு.

பலன் எல்லாக் குதிரைக்கும் ஒரே மாதிரி இல்லை. எப்பவும் தலையை உதறிக்கிட்டே இருக்கற நம்ம மார்வாரி இனப் பெண் குதிரை சைடுபுல் போட்ட கொஞ்ச நாள்லயே கழுத்தை நீட்டி நடக்க ஆரம்பிச்சுது, அதைப் பாத்துட்டு லாயத்து அண்ணன் கண் கலங்கினதை இங்க நிறைய பேர் பாத்திருப்பீங்க. ரேஸ்ல இருந்து வந்த பெரிய கெல்டிங் (காயடிச்ச ஆண் குதிரை) மட்டும் லகான்ல சாஞ்சு சாஞ்சு ஓடுச்சு, கோச் அதைத் திரும்ப சாதா பிட்டான ஸ்னாஃபிளுக்கே மாத்திட்டாரு, அதைப் பழகின கைங்க மட்டும்தான் ஓட்டறாங்க.

பெற்றோருங்க கேட்ட முதல் கேள்வி "பிரேக் புடிக்குமா சார்"தான். மெரண்டு ஓடுற குதிரையை பிட் மட்டும் நிறுத்தாதுங்க, வலி இன்னும் ஓட வைக்கவும் செய்யும். அதனால பிட் இருந்தாலும் இல்லாட்டியும் ஒரு லகானை மட்டும் மடக்கி வட்டத்துல கொண்டு வந்து நிறுத்தற பழக்கத்தை நடையிலயே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டுதான் ட்ராட்டுக்கு விடறோம். ரோம்ல இருக்கற டிராஜன் தூண்ல பாத்தீங்கன்னா வட ஆப்பிரிக்காவோட மூர் வீரருங்க கடிவாளமே இல்லாமதான் குதிரை மேல சண்டைக்குப் போறாங்க, 1900 வருஷத்துக்கு முந்தின சிற்பம் அது.

போட்டிக்குப் போற பசங்க குழம்பக் கூடாது. உலகக் குதிரையேற்ற அமைப்பான எஃப்இஐ விதிப்படி ஜம்பிங்லயும், நெடுந்தூர ஓட்டமான எண்டியூரன்ஸ்லயும் பிட்லெஸ் போடலாம், குதிரையை அசைவு அசைவா நடத்திக் காட்டற டிரெஸாஜ்ல பிட் கட்டாயம். 2023-ல ஹாங்சோ ஏசியாட்ல நம்ம நாட்டு டீம் டிரெஸாஜ்ல தங்கம் வாங்கினதுல இருந்து நிறைய பிள்ளைங்களுக்கு அந்த ஆசை வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். அவங்க குதிரை மேல ஆடாம உக்காரப் பழகின பிறகு கோச் பாத்து பிட்டுக்கு மாத்துவாரு.

ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு நம்ம ஆளுங்க போயி சைடுபுல்லைக் காட்டிப் பேசினாங்க. அங்க பெரியவங்க சிலரு "தலைக்கயிறுல ஓட்டாத பையன் குதிரைக்காரனே இல்லை"ன்னு சொல்லிட்டு வாங்கிப் பாத்தாங்க, மனசு நெறஞ்சுது. முள்ளு வெச்ச கடிவாளம் 1965-ம் வருஷ மிருகவதைத் தடுப்பு விதியிலயே தடை, இன்னும் கல்யாண ஊர்வலக் குதிரை சிலதுல அதைப் பாக்க முடியுது. அப்படிப் பாத்தா சண்டை போடாதீங்க, சங்கத்துல வழவழ ஸ்னாஃபிள் வாங்கி வெச்சிருக்கோம், எடுத்துட்டுப் போயி பதிலுக்குக் குடுத்துட்டு முள்ளை வாங்கிட்டு வாங்க.

லாடம், பல்லு ராவறது எல்லாம் டாக்டர் சொன்ன தேதியில நடந்துச்சு. மழையில அரீனா சேறாகறது இன்னும் தீரல, மணல் அடிக்கப் பணம் வேணும்.

கமிட்டி வைக்கற தீர்மானம் ஒண்ணுதான்: ஆரம்ப வகுப்பு முழுக்க பிட்லெஸ், ட்ராட்டை விட வேகமான கேன்டர்ல லகான் தளர்வா உக்காரத் தெரிஞ்சு கோச் கையெழுத்துப் போட்டாதான் யாருக்கும் பிட். நகல் லாயத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, சாயந்திரம் ஓட்டெடுப்புக்கு முன்னாடி எல்லாரும் படிச்சிடுங்க.