3.6 வோல்ட் என்றால் எல்லாம் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுச் சாதனங்களுக்கான பேட்டரி பேக்கை நாமே செய்துகொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல காரியம். உள்ளே இருக்கும் பேட்டரி செல் போய்விட்டது என்பதற்காக நன்றாக இருக்கும் டிரிம்மரையும் போனையும் குப்பையில் போடுவதைப் பார்த்தால் ரிப்பேர் கடைக்காரனான எனக்கு வயிறு எரியும். ஆனால் ‘வோல்ட் ஒத்துப்போனால் எந்தச் செல்லையும் மாட்டலாம்’ என்ற வரியைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது.

கார்ட்லெஸ் போனையே எடுத்துக்கொள்ளுங்கள். பல போன்களில் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் மூன்று தொடராக இருக்கும். மொத்தம் 3.6 வோல்ட். ஒற்றை லித்தியம் அயான் செல்லின் மேலும் 3.6 அல்லது 3.7 என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். மூன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மாட்டினால் போன் ஜோராக வேலை செய்யும். வம்பு, அதைச் சார்ஜில் வைக்கும்போதுதான்.

நிக்கல் செல் நிறைந்த பிறகும் கொஞ்சமாகக் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் தாங்கிக்கொள்ளும். மிச்சத்தைச் சூடாக வெளியே விட்டுவிடும். அந்தத் தைரியத்தில்தான் பல பழைய போன்களின் சார்ஜரில் நிறுத்தும் ஏற்பாடே வைக்கவில்லை. லித்தியம் அப்படியில்லை. 4.2 வோல்ட் வந்ததும் அதற்கு மேல் ஏற விடக்கூடாது. ஏறினால் செல் கெடும், உப்பும், சமயத்தில் தீயும் பிடிக்கும். எங்கள் கடைக்கு ஒரு போன் வந்தது, பின்மூடி நிற்கவில்லை என்று. திறந்தால் உள்ளே தட்டையான மொபைல் செல் ஒன்று, சின்னத் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ 3.7 என்பதைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

‘பாதுகாப்பு போர்டு வைத்த செல்லை வாங்கினால் போதாதா?’ என்பார்கள். வோல்ட் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் அந்தச் சின்னப் போர்டு கடைசித் தடுப்பு. தினமும் சார்ஜை நிறுத்தும் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பழைய பேக்கின் மேல் உள்ள எழுத்துகளை. நி-எம்ஹெச் (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு), நி-சிடி (நிக்கல் காட்மியம்), லி-அயான் (லித்தியம் அயான்) என்று எது இருக்கிறதோ அதே வகையைப் போடுங்கள். நி-சிடிக்குப் பதில் நி-எம்ஹெச் போடுவது பல இடங்களில் ஒத்துவரும், அதுவும் வேகமாகச் சார்ஜ் ஏற்றாத சாதனத்தில்தான்.

அப்புறம், தொடராகப் போடும் செல்கள் ஒரே வகை, ஒரே வயது, ஒரே கொள்ளளவாக இருக்கட்டும். ஒன்று மட்டும் பழசானால் அது முதலில் காலியாகிவிடும்; மற்றவை அதன் வழியே கரண்டைத் தள்ளி அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்துவிடும். லித்தியத்தில் இது ஆபத்து. மேலே போட்டிருக்கும் கொள்ளளவைப் பார்த்தும் மயங்காதீர்கள். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட 18650 செல்லின் மேல் ‘9900 எம்ஏஹெச்’ (மில்லி ஆம்பியர் ஹவர், கொள்ளளவின் அலகு) என்று போட்டு விற்கிறார்கள். சுத்தப் பொய். நல்ல கம்பெனிச் செல்லிலேயே சாதாரணமாக 2500, 3000, 3500தான் கிடைக்கும். கையில் எடுத்துப் பாருங்கள்: நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும், போலி பல சமயம் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும்.

செல்லின் மேல் நேராகச் சால்டர் வைக்கச் சொல்லியிருப்பதும் சரியில்லை. சூடு உள்ளே இறங்கி செல்லைக் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் (கண நேரம் கரண்ட் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது) செய்ய வேண்டும். மெஷின் இல்லையென்றால் பட்டை வைத்தே விற்கும் செல்லை வாங்கி, பட்டையின் நுனியில் சால்டர் வைக்கலாம்.

ஒட்டி மூடிய டிரிம்மர்களைப் பற்றிக் கட்டுரையாளர் புலம்பியிருந்தது நியாயம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து, பெரும்பாலான சாதனங்களில் பேட்டரியைப் பயன்படுத்துபவரே மாற்ற முடிய வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இங்கும் அப்படி ஒன்று வந்தால் எங்கள் கத்திக்கு வேலை குறையும்.

அடுத்த பகுதி வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜர் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் அளந்து பார்க்கும் முறையைப் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல்.