நித்யா கேட்கும் பூனை

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாஸ்கர்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்த வாரமே பதில் போட்டிருக்க வேண்டும். கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு ஆள் போதவில்லை என்று பழைய ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். ரிட்டயர் ஆகிவிட்டாலும் வீட்டில் உட்கார்ந்திருக்க மனசு கேட்கவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. கெடிலத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. நல்ல வேளை, ஊருக்குள் வரவில்லை. உங்கள் பழைய வீட்டை வாங்கியவர்கள் மேலே மாடி எடுத்துவிட்டார்கள், வாசல் வேம்பை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன்னை விசாரித்தார்.

உன் மகள் நித்யா விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையான செர்வலுக்கும் வீட்டுப் பூனைக்கும் பிறந்த முதல் தலைமுறை சவானாக் குட்டிக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறாள், நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்று எழுதியிருந்தாய். முதலில் அவள் மேல் கோபப்படாதே. செர்வலைப் பார்த்தவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். உடம்புக்கு மிஞ்சிய நீளக் கால், முறம் போல் விரிந்த காது, புல்லுக்கடியில் எலி நகர்வதைக் காதாலேயே கண்டுபிடித்து, நின்ற இடத்திலிருந்து எகிறி அதன் மேல் விழும். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம் தாவும் பிராணி அது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மிருகங்கள் மேல் இருக்கும் பிரியம் உனக்குத் தெரியாததா? ஊருக்கு வந்தபோதெல்லாம் என் கால்நடை மருந்தகத்து மேஜையை விட்டு நகர மாட்டாள். அந்தப் பிரியத்தை நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் 2021 மே மாதம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மேற்கு ஹூஸ்டனில் வீடுகளுக்கு முன்னால் புல்வெளியில் புலி ஒன்று உலாத்தியது. அதே தெருவில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியை நீட்டியபடி நிற்க, வளர்த்தவர் ஓடி வந்து அதை அணைத்துக் கூட்டிப் போனார். ஏறக்குறைய ஒரு வாரம் புலி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் பெயர் இந்தியா. வயது ஒன்பது மாதம், இன்னும் குட்டிதான். கடைசியில் டெக்சாஸிலேயே மர்ச்சிசன் பக்கத்தில் உள்ள பிளாக் பியூட்டி ராஞ்ச் என்ற சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பாட்டன் பூட்டன்மார் எந்தக் காட்டில் திரிந்தார்களோ! இது ஒரு வீட்டின் ஹாலில் வளர்ந்திருக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்தபோது எல்லாரும் அந்தத் தெருவுக்காகப் பயந்தார்கள். எனக்கு அந்தப் புலியை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

2022 டிசம்பரில் உங்கள் ஃபெடரல் அரசு சட்டம் போட்டுவிட்டது. சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார், சிவிங்கிப்புலி (சீட்டா), பூமா இவற்றையெல்லாம் இனித் தனியார் செல்லப்பிராணியாக வாங்கி வளர்க்க முடியாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் 2023 ஜூனுக்குள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. செர்வல் அதில் இல்லை என்று நித்யா சொன்னதாக எழுதியிருக்கிறாய். உண்மைதான், ஃபெடரல் சட்டத்தில் இல்லை. ஆனால் டெக்சாஸ் மாநிலச் சட்டத்தைப் பார்க்கச் சொல். ஆபத்தான காட்டு விலங்குகள் பட்டியலில் புலி, சிங்கத்தோடு செர்வலையும் கேரகல் என்ற காட்டுப் பூனையையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அவற்றின் கலப்பினங்களும் அதில் அடக்கம். பதிவுச் சான்றிதழ் வேண்டும், ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத இன்ஷூரன்ஸ் வேண்டும். இதற்கு மேல் உங்கள் மாவட்டமான கவுண்டியின் விதி, நகரத்தின் விதி, அவள் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம். குட்டி விற்கிறவர் இதில் எத்தனையைச் சொன்னார் என்று அவளைக் கேள்.

டாக்டராக எனக்கு இதைவிடப் பெரிய கவலை ரேபிஸ். செர்வலுக்கோ, இந்தக் கலப்பினங்களுக்கோ என்று அங்கீகரித்த ரேபிஸ் தடுப்பூசி உங்கள் நாட்டில் இல்லை. வீட்டுப் பூனைக்குள்ளதைப் போடலாம், போடுகிறார்கள். ஆனால் நாளைக்கே அது பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்துவிட்டால் சுகாதாரத் துறை அந்த ஊசியைக் கணக்கில் எடுக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டுப் பூனை கடித்தால் பத்து நாள் தனியாக வைத்துப் பார்ப்பார்கள். இதற்கு அந்த வழி கிடைக்காமல் போகலாம். கொன்று மூளையை எடுத்துப் பரிசோதிக்க உத்தரவு வரலாம். பூனை செய்தது ஒரு கடி. அதற்காக உயிரே போகும்.

செர்வல் வளர்ப்பவர்கள் பொதுவாக வெளியில் சொல்லாத சங்கதிகள் சில உண்டு. வயது வந்ததும் சோபா, படுக்கை, சுவர் எல்லாவற்றிலும் மூத்திரம் பீச்சும். தன் எல்லையை அப்படித்தான் அது குறித்து வைக்கும், கருத்தடை செய்தாலும் நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை. எலும்பில்லாத கோழிக்கறியை மட்டுமே போட்டு வளர்த்தால் கால்சியம் போதாமல் குட்டியின் எலும்பு வலுவிழந்து, லேசாகக் குதித்தாலே முறியும். காட்டில் எலியையும் குருவியையும் எலும்போடு, குடலோடு தின்கிற வயிறு அது. பீறுகிறது என்று நகம் எடுக்கச் சொல்லி வருவார்கள். நகம் எடுப்பது நகம் வெட்டுவது இல்லை, பாஸ்கர். ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே துண்டித்து எடுப்பது. 2023 தொடக்கத்தில் சின்சினாட்டியில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியபோது அதிலிருந்து செர்வல் ஒன்று பாய்ந்து மரத்தில் ஏறிக்கொண்டது. இறக்கும்போது அதன் கால் முறிந்தது. ரத்தத்தைச் சோதித்தால் கோகெய்ன்! இப்போது சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இருக்கிறது.

குட்டியிலிருந்தே கையில் வளர்த்தால் பழகிவிடாதா என்று நீயும் கேட்டிருக்கிறாய். பழகும். ஆனால் பழகிய விலங்கு வேறு, வீட்டு விலங்கு வேறு. நம் நாட்டுச் சிவிங்கிப்புலியையே எடுத்துக்கொள். ராஜாக்கள் நூற்றாண்டுக் கணக்கில் அதைப் பழக்கி மான் வேட்டைக்கு வைத்திருந்தார்கள். அக்பர் ஒரு சமயம் ஆயிரம் சிவிங்கிப்புலிகளைச் சேர்த்து வைத்து இணைசேர்க்கப் பார்த்தும் நடக்கவில்லை என்று மகன் ஜஹாங்கீர் எழுதி வைத்திருக்கிறார். தன் காலத்தில் ஒரே ஒரு ஜோடி குட்டி போட்டதை அதிசயமாகக் குறித்திருக்கிறார். அதற்குப் பிறகு மனிதர் பிடியில் சிவிங்கிப்புலி குட்டி போட்டதாகப் பதிவானது 1956-ல், ஃபிலடெல்ஃபியா மிருகக்காட்சிசாலையில். அப்படியானால் அரண்மனைகளில் இருந்தவை எல்லாம் எங்கிருந்து வந்தன? ஒவ்வொன்றும் காட்டிலிருந்து பிடித்து வந்தது. பிடித்தும் சுட்டும் தீர்த்து, 1952-ல் இந்தியாவில் அந்த இனமே இல்லை என்று அறிவித்தார்கள்.

வீட்டுப் பூனையின் கதை அப்படி இல்லை. அதன் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரியும் காட்டுப்பூனை. தானியக் குதிருக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது, மனிதனைச் சகித்துக்கொண்டவை தங்கின, அவற்றின் குட்டிகள் தங்கின. சைப்ரஸில் மனிதன் ஒருவனுக்குப் பக்கத்தில் பூனையையும் சேர்த்துப் புதைத்த குழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், ஒன்பதாயிரத்து ஐந்நூறு வருஷம் பழையது. அத்தனை தலைமுறை தாண்டி வந்ததை ஒரு தலைமுறைப் பால்புட்டியில் யாரும் கொண்டுவர முடியாது.

இங்கே நான் கையால் தொட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும்போது தோகைக்குள் நம் ஊர்க் காட்டுப்பூனைக் குட்டிகள் அகப்படும், இது வேறு இனம். வெட்டுகிற ஆட்கள் பாவப்பட்டு எடுத்துவந்து விடுவார்கள். அட்டைப்பெட்டிக்குள் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில், உடம்பில் மங்கலான வரிகளோடு இருக்கும். காது நுனியில் கறுப்பாக ஒரு சின்னக் குஞ்சம். கையை நீட்டினால் உள்ளங்கையளவு உருவம் முதுகை வளைத்துச் சீறும். நான் சொல்வது எப்போதும் ஒன்றே: பொழுது சாய்வதற்குள் எடுத்த வயலின் வரப்பிலேயே பெட்டியோடு வைத்துவிட்டு எல்லாரும் தள்ளிப் போங்கள், ஃபாரஸ்ட்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். தாய் அநேகமாக வந்து தூக்கிப் போய்விடும். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கம் கரும்புக் காட்டில் அகப்படும் சிறுத்தைக் குட்டிகளையும் வனத்துறை இப்படித்தான் தாயிடம் சேர்க்கிறது.

அப்படி வைக்காமல் வளர்த்த குட்டி ஒன்றையும் பார்த்தேன். யார் வீடு என்பது வேண்டாம். பசும்பால் கொடுத்து வயிற்றுப்போக்கில் சுருண்ட நிலையில் கொண்டுவந்தார்கள். பிழைத்தது. மடியில் படுத்துத் தூங்கியது, பிள்ளைகளோடு விளையாடியது, தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. வருஷம் திரும்புவதற்குள் கோழிகளைத் தீர்த்தது. ஆள் சாப்பாட்டுத் தட்டருகே போனால் உறுமியது. கடைசியில் அந்த வீட்டுப் பையன் கையைக் கிழித்துவிட்டது. காலில் கயிறு கட்டி என்னிடம் இழுத்து வந்தார்கள், கயிறு தோலுக்குள் இறங்கியிருந்தது. வனத்துறை வந்து எடுத்துப் போனது. காட்டில் விட முடியாது, அதற்கு வேட்டை தெரியாது. மனிதனைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. அந்த வீட்டார் கெட்டவர்கள் இல்லை. அதை உயிராகத்தான் வளர்த்தார்கள்.

சவானா பாதி வீட்டுப் பூனைதானே என்பாள். முதல் சவானா பிறந்தது 1986-ல். எஃப்1, அதாவது அவள் கேட்கும் முதல் தலைமுறை என்றால் அப்பனோ ஆத்தாளோ நேரடியாகச் செர்வல். அந்தக் குட்டிக்காக எங்கேயோ ஒரு கூண்டில் செர்வல் ஒன்று ஆயுள் முழுக்க அடைபட்டுக் கிடக்க வேண்டும். செர்வலின் சினைக்காலம் எழுபது நாளைத் தாண்டும், வீட்டுப் பூனைக்கு அறுபத்து மூன்று, அறுபத்து நாலு நாள். இந்த வித்தியாசத்தில் குறைமாதக் குட்டிகள் போய்விடுவதுண்டு. முதல் சில தலைமுறைகளில் ஆண்கள் மலடு. இதெல்லாம் தாண்டிப் பிறந்ததைத்தான் பல ஆயிரம் டாலர் விலை சொல்லி விற்கிறார்கள். செர்வலின் மூத்திரப் பழக்கமும் பதற்றமும் அதற்குக் கிடைத்தால் என்ன செய்வது? சரணாலயங்களும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை.

பெரிய பூனைதான் வேண்டுமென்றால் மெய்ன் கூன் வாங்கட்டும். உங்கள் மெய்ன் மாநிலத்துப் பண்ணைகளில் பனியில் எலி பிடித்து வளர்ந்த இனம். கடுவன் பூனை ஆறு கிலோவிலிருந்து எட்டு கிலோ வரை சாதாரணமாக வரும், முழு வளர்த்தி எடுக்க மூன்று நாலு வருஷம் ஆகும். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் கொண்டுவந்தார்கள். மேஜை நீளத்துக்குக் கிடந்தது. காது நுனியில் அதே குஞ்சம், கழுத்தில் பிடரி, பாத விரல்களுக்கிடையே கொத்து முடி. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் அது பாட்டுக்கு உர்ரென்று கொண்டிருக்கிறது, இதயச் சத்தம் கேட்கவே குழாயைத் திறந்துவிட்டுக் கவனத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. பார்வையில் காட்டு மிருகம், மடியில் வீட்டுப் பிள்ளை. நித்யா ஆசைப்படுவது இதற்குத்தான் என்பது என் எண்ணம்.

இதிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. மெய்ன் கூனுக்கு இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றை 2005-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே தாய், தகப்பன் இரண்டுக்கும் மரபணுச் சோதனைச் சீட்டு கேட்க வேண்டும். அது மட்டும் போதாது, சமீபத்தில் எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனும் காட்டச் சொல்ல வேண்டும். இடுப்பு எக்ஸ்ரே இருந்தால் இன்னும் நல்லது. சீட்டைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுப்பவரிடமும் வேண்டாம். ஹூஸ்டன் வெயிலுக்கு அந்த முடி பாரம்தான். வீட்டுக்குள் குளிர்ச்சியும் வாரத்தில் இரண்டு மூன்று முறை சீப்பும் தேவைப்படும். நார்வீஜியன் ஃபாரஸ்ட் கேட், சைபீரியன் இரண்டும் இதே கட்டுமஸ்து. என்னைக் கேட்டால் முதலில் ஆதரவற்ற பிராணிகளை வைத்திருக்கும் அவள் ஊர் ஷெல்டருக்குப் போய்ப் பார்க்கட்டும். மெய்ன் கூன் மாதிரியே பருத்த, வயது வந்த கடுவன் பூனைகள் அங்கே கிடக்கும். குணம் எப்படி என்று வாங்கும்போதே தெரிந்துவிடும், குட்டியில் அது தெரியாது.

அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் நான் அவளோடு பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலை நேரத்துக்குப் போன் போடு, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொள். பெரியப்பா திட்ட மாட்டார் என்று சொல். விற்கிறவர் அனுப்பிய காகிதங்கள் ஏதும் இருந்தால் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் போடச் சொல், படித்து வைக்கிறேன்.

தங்கச்சி வசந்தியைக் கேட்டதாகச் சொல். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? போன தடவை சொன்ன தைலம் தீர்ந்துவிட்டதென்றால் சொல், தை மாதம் இங்கிருந்து ஒரு பையன் ஹூஸ்டன் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சண்முகம்