கட்டிங் பிளேயரைக் கீழே வையுங்கள்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கும்பகோணத்தில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். உங்கள் கதாநாயகன் வெடிகுண்டின் முன் மண்டியிட்டு, சிவப்பு வயரா நீல வயரா என்று திணறும்போது திரையரங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது.

சிவப்பு என்றால் ஃபேஸ், அதாவது தொட்டால் ஷாக் அடிக்கும் வயர்; கறுப்பு என்றால் நியூட்ரல், பச்சை என்றால் எர்த். எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். ஆனால் போன ஐப்பசியில் ஒரு பழைய வீட்டின் சுவிட்சு பெட்டியைத் திறந்தேன். எனக்கு முன்னால் வேலை பார்த்தவருக்குச் சிவப்பு தீர்ந்துபோயிருக்கும் போல, ஃபேஸைப் பச்சையில் இழுத்திருந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்ததால் பிழைத்தேன். கூலி பேசி வேலைக்கு வந்தவரே நிறத்தை மதிக்கவில்லை. ஊரைக் கொளுத்த வந்தவன் உங்கள் கதாநாயகனின் வசதிக்காகக் கடையில் நிறம் பார்த்து வயர் வாங்குவானா? நேரம் காட்டும் எண்களைக் குண்டுக்கு வெளியே, அதுவும் கேமராவைப் பார்த்தபடி, எதற்குத்தான் பொருத்துகிறானோ!

1980 ஆகஸ்டில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஹார்வீஸ் என்ற சூதாட்ட விடுதிக்குள் நகல் எடுக்கும் இயந்திரம் என்ற பெயரில் இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே சுமார் 450 கிலோ டைனமைட். கூடவே 30 லட்சம் டாலர் கேட்டு ஒரு கடிதம். நிபுணர்கள் விடுதியைக் காலி செய்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒரு நாளுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வயரை வெட்ட யாரும் உட்காரவில்லை. பெட்டியின் மேல்பகுதியை வேறொரு வெடியால் துண்டித்துவிடலாம் என்று தூரத்திலிருந்து முயன்றார்கள். குண்டு வெடித்தேவிட்டது. கட்டடத்தில் பல மாடி உயரத்துக்கு ஓட்டை. ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. இதைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நிஜத்தில் பல நேரம் தண்ணீர்தான் கதாநாயகன். அசுர வேகத்தில் பீய்ச்சும் தண்ணீர், குண்டின் சர்க்யூட் விழித்துக்கொள்வதற்குள் அதைச் சிதறடித்துவிடும். அந்தக் கருவியைச் சுமந்து போவது பெரும்பாலும் ரோபோ. 1972இல் வட அயர்லாந்துப் பணிக்காக பிரிட்டிஷ் ராணுவத்தினர் உருவாக்கிய ரோபோவைத் தோட்டத்துத் தள்ளுவண்டியின் அடிப்பாகத்தில்தான் கட்டினார்கள். அதன் பெயரும் 'வீல்பேரோ'தான். நம் நாட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய 'தக்ஷ்' என்ற ரோபோ இருக்கிறது.

ரோபோவால் ஆகாத இடத்துக்குத்தான் ஆள் போகிறார், 30 கிலோவுக்கு மேல் கனக்கும் உடையில், தன்னந்தனியாக. அந்த நடையைப் படமெடுங்களேன். பின்னணி இசைகூட வேண்டாம், தலைக்கவசத்துக்குள் அவர் மூச்சு வாங்கும் சத்தம் போதும்.

இல்லை, வயரை வெட்டியே தீருவோம் என்றால் என்னைக் கூப்பிட்டனுப்புங்கள். கட்டிங் பிளேயரைப் பிடிக்கவாவது சொல்லித்தருகிறேன். கடைசியாக நான் பார்த்த படத்தில் நாயகன் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

இப்படிக்கு,
முன்வரிசை டிக்கெட் வாங்கும் ஒரு வயரிங் தொழிலாளி