உத்தி அட்டவணைக்கு மேலே விதிகளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாக்ஜாக் ஆட்டத்தின் விதிகளையும், காசினோவில் அதை ஆடுவதற்கான உத்தியையும் விளக்கித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கைக்கு இன்னொரு சீட்டு வாங்குவது, எந்தக் கைக்கு நின்றுகொள்வது, எப்போது பந்தயத்தை இரட்டிப்பது என்பதைக் காட்டும் அட்டவணையும் அதனுடன் வெளியாகியிருந்தது. அந்த அட்டவணை எந்த மேசைக்கு உரியது என்ற விவரம்தான் கட்டுரையில் எங்கும் இல்லை. பிளாக்ஜாக் என்ற ஒரே பெயரில் பல ஆட்டங்கள் ஆடப்படுகின்றன. எத்தனை சீட்டுக்கட்டுகள் கலக்கப்படுகின்றன, காசினோவின் சார்பில் சீட்டு போட்டு ஆடும் டீலர் 17இல் எப்படி நடந்துகொள்கிறார், முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் என்ன விகிதத்தில் பணம் கொடுக்கிறார்கள் என்பன மாறும்போது, ஆடுபவரின் சரியான முடிவுகளும் அவர் எதிர்பார்க்கக்கூடிய இழப்பும் மாறுகின்றன. நிகழ்தகவு பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் இந்த ஒரு குறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. 2 முதல் 10 வரையுள்ள சீட்டுகளுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா ஒவ்வொன்றும் 10. ஏஸ் தேவைக்கேற்ப 1 அல்லது 11. மற்ற ஆட்டக்காரர்களுடன் நமக்குப் போட்டி கிடையாது. 21ஐத் தாண்டாமல், டீலரின் கையைவிடப் பெரிய கூட்டுத்தொகை பெற்று அதை மட்டுமே நாம் வெல்ல வேண்டும். 21ஐத் தாண்டினால் பந்தயம் அப்போதே போய்விடும். டீலருக்கோ சொந்த முடிவு எதுவும் இல்லை: 16 வரை அவர் சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்ததும் நிற்க வேண்டும். ஏஸை 11ஆக எண்ணி வந்த 17இல் நிற்பதா, எடுப்பதா என்பது மட்டும் மேசைக்கு மேசை வேறுபடும். டீலர் எடுக்க வேண்டும் என்று மேசை விரிப்பில் எழுதியிருந்தால், காசினோவின் சாதகம், அதாவது கட்டும் பந்தயத்தில் அதற்குச் சராசரியாகச் சேரும் பங்கு, ஏறத்தாழ 0.2 விழுக்காடு கூடுகிறது.

இரு தரப்பும் ஒரே எண்ணைத்தானே நோக்கி ஆடுகின்றன, பிறகு காசினோ எங்கே சம்பாதிக்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். விடை ஆடும் வரிசையில் இருக்கிறது. நாம் முதலில் ஆடுகிறோம். நாம் 21ஐத் தாண்டிவிட்டால், பின்னர் டீலரும் தாண்டினாலும் நம் பணம் திரும்பி வருவதில்லை. டீலர் ஏறத்தாழ 28 விழுக்காடு தடவை தாண்டுகிறார். டீலரைப் போலவே 16 வரை எடுத்து 17இல் நிற்கும் ஒருவரும் அதே அளவு தாண்டுவார். இருவரும் தாண்டும் சந்தர்ப்பம் ஏறத்தாழ 8 விழுக்காடு, அது முழுவதும் காசினோவுக்கே போகிறது. ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் சேர்ந்து வந்தால் கிடைக்கும் கூடுதல் தொகை இதில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகத் திருப்பித் தருகிறது. மீதமுள்ள 5.5 விழுக்காட்டை ஒட்டிய தொகைதான், டீலரைப் பார்த்து ஆடுபவர் கட்டும் விலை. இரட்டித்தல் (பந்தயத்தை இருமடங்காக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குவது), ஜோடியைப் பிரித்தல் (ஒரே மதிப்புள்ள இரு சீட்டுகளை, இன்னொரு பந்தயம் கட்டி, இரண்டு கைகளாக ஆடுவது), டீலரின் திறந்த சீட்டைப் பார்த்து நிற்றல் ஆகிய உரிமைகளைச் சரியாகப் பயன்படுத்தினால் அந்த 5.5ஐ நல்ல விதிகள் உள்ள மேசையில் 0.5 வரை குறைக்கலாம். அடிப்படை உத்தி என்று சொல்லப்படுவது இவ்வளவுதான். அது சாதகத்தை நம் பக்கம் திருப்புவதில்லை.

இந்த உத்தி சூதாடிகளின் அனுபவத்தில் பிறந்தது அன்று என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பால்ட்வின், கேன்டி, மெய்சல், மெக்டெர்மாட் ஆகிய நால்வர் மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு கணக்கிட்டு, 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் அதை வெளியிட்டனர். அவர்களுடைய வேலையைப் படித்த கணிதவியலர் எட்வர்ட் தார்ப், ஐபிஎம் 704 கணினியில் அதை மேலும் துல்லியமாக்கினார். ஆடி முடிந்த சீட்டுகள் கட்டில் மிஞ்சியிருப்பனவற்றின் தன்மையை மாற்றுவதால், சாதகம் சில வேளைகளில் ஆடுபவர் பக்கம் சாய்கிறது என்று 1962இல் நூலாகவும் எழுதினார். 1964இல் லாஸ் வேகாஸ் காசினோக்கள் அஞ்சிப்போய், இரட்டிப்பதற்கும் பிரிப்பதற்கும் கடுமையான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு விலகியதால் சில வாரங்களிலேயே பழைய விதிகளுக்குத் திரும்பவும் செய்தன. விதிகளை மாற்றியது தெரிந்தால் மக்கள் வரமாட்டார்கள் என்பதை அன்று அவை கற்றுக்கொண்டன. பிற்காலத்து மாற்றங்கள் அவ்வளவு வெளிப்படையாக வரவில்லை.

அப்படி வந்தவற்றுள் மிகப் பெரியது, முதல் இரண்டு சீட்டில் 21 வந்தால் கொடுக்கும் தொகையை 3:2இலிருந்து 6:5ஆகக் குறைத்தது. 10 கட்டியவருக்குப் பழைய விதிப்படி 15 கிடைக்கும். புதிய விதிப்படி 12தான். 6, 5 என்ற எண்கள் 3, 2ஐ விடப் பெரியவையாகத் தெரிவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. சிலர் கூடுதலாகக் கிடைப்பதாகவே நினைத்துவிடுகிறார்கள். ஆறு கட்டுகள் உள்ள ஆட்டத்தில் ஏறத்தாழ 21 கைகளுக்கு ஒரு முறை இந்தக் கை வரும். ஒவ்வொரு முறையும் பந்தயத்தில் பத்தில் மூன்று பங்கு குறைந்தால், கட்டும் ஒவ்வொரு 100க்கும் ஏறத்தாழ 1.4 கூடுதலாகப் போகிறது. 0.5ஆக இருந்த காசினோவின் சாதகம் 2ஐ நெருங்கிவிடுகிறது. ஏறக்குறைய நான்கு மடங்கு. அட்டவணையை ஓர் எழுத்தும் தவறாமல் மனப்பாடம் செய்தவரும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. ஏனென்றால் இது அவர் முடிவெடுக்கும் கைகளில் நிகழ்வது அன்று. சீட்டு விழுந்ததுமே முடிந்துவிடும் கையில் நிகழ்வது.

இதற்கு நேர்மாறாக, ஆட்டக்காரர்கள் பெரிதாக வாதிட்டுக்கொள்ளும் முடிவுகள் பலவற்றில் வேறுபாடு மிகச் சிறியது. கையில் 16, டீலரிடம் 10. நிற்பதா, வாங்குவதா? பல கட்டுகள் உள்ள ஆட்டத்தில், டீலரிடம் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே வரும் 21) இல்லை என்று தெரிந்த பிறகு, எதைச் செய்தாலும் 100 கட்டியவருக்குச் சராசரியாக 54 போகும். வாங்குவது மயிரிழையில் நல்லது, அவ்வளவே. பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு விலகும் சரண்டர் உரிமை மேசையில் இருந்தால், இழப்பு 50ஆகக் குறையும். எனவே அந்தக் கைக்கு விடை தேடும் முன், மேசையில் சரண்டர் உண்டா என்று கேட்பதே முறை. கட்டுரையில் சரண்டர் என்ற சொல்லே வரவில்லை.

அட்டவணை மேசைக்கேற்ப மாறும் என்று சொன்னேன் அல்லவா? சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன். ஆறு கட்டுகள் உள்ள ஆட்டத்தில், ஏஸை 11ஆக எண்ணிய 17இல் டீலர் சீட்டு எடுக்கும் மேசையானால், நம் 11ஐ டீலரின் ஏஸுக்கு எதிராக இரட்டிக்க வேண்டும். டீலர் நிற்கும் மேசையானால் இரட்டிக்காமல் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு எட்டுகளை எப்போதும் பிரிக்க வேண்டும் என்பது உத்தியின் முதல் பாடமாகச் சொல்லப்படுகிறது. டீலர் மறைசீட்டே (கவிழ்த்து வைக்கும் தம் இரண்டாம் சீட்டு) எடுக்காமல், நாம் ஆடி முடித்த பிறகு இரண்டாம் சீட்டை எடுக்கும் முறையில் அந்தப் பாடமும் செல்லாது. அங்கே டீலருக்குக் கடைசியில் பிளாக்ஜாக் வந்துவிட்டால், பிரித்தும் இரட்டித்தும் வைத்த பணம் முழுவதும் போய்விடும். ஆகையால் 10க்கும் ஏஸுக்கும் எதிரே எட்டுகளைப் பிரிக்காமல் சீட்டு வாங்குவதே சரி. தங்கள் கட்டுரையின் அட்டவணையை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அத்தகைய மேசைக்குப் போகும் வாசகர், அதைப் பின்பற்றியதாலேயே தவறான முடிவெடுப்பார்.

எல்லா மேசைகளுக்கும் பொதுவான ஓர் அறிவுரையும் கட்டுரையில் விடுபட்டுவிட்டது. டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருக்கும்போது இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். காப்பீடு என்ற பெயர் அதற்கு ஒரு பொறுப்புள்ள தோற்றத்தைத் தருகிறது. உண்மையில் அது, மறைந்திருப்பது பத்து மதிப்புள்ள சீட்டுதான் என்று கட்டும் தனிப் பந்தயம். ஆறு கட்டுகளில் 312 சீட்டுகள். டீலரின் ஏஸை நீக்கினால் 311. அவற்றுள் பத்து மதிப்புள்ளவை 96. வென்றால் இரண்டு மடங்கு, தோற்றால் ஒரு மடங்கு என்பதால், மூன்றில் ஒன்று பத்தாக இருந்தால்தான் கணக்குச் சரியாகும். இங்கே அதற்குக் குறைவு. கட்டும் 100க்கு 7க்கு மேல் போய்விடுகிறது. கையில் பிளாக்ஜாக் வைத்திருப்பவரிடம் உறுதியாகப் பணம் கிடைக்கும் என்று சொல்லி, ஒன்றுக்கு ஒன்றாகப் பெற்றுக்கொள்ளத் தூண்டுவதும் இதே பந்தயம்தான். 3:2 மேசையில் மறுத்துவிட்டு ஆடினால் சராசரியாக 100க்கு 104 வரும், ஏற்றுக்கொண்டால் 100. ஜோடி வருமா, மூன்று சீட்டில் வரிசை அமையுமா என்று மேசையின் ஓரத்தில் கட்டும் பக்கப் பந்தயங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவை மூல ஆட்டத்தைவிடக் காசினோவுக்குப் பல மடங்கு சாதகமானவை.

சீட்டு எண்ணுதலைப் பற்றிக் கட்டுரையாளர் ஆர்வத்துடன் எழுதியிருக்கிறார். 2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்றைக் கூட்டி, பத்து மதிப்புள்ளதோ ஏஸோ விழுந்தால் ஒன்றைக் கழித்து, 7, 8, 9ஐ விட்டுவிடும் முறை ஒரு பள்ளி மாணவரும் செய்யக்கூடிய கூட்டல்தான். பெரிய சீட்டுகள் மிகுதியாக எஞ்சியிருக்கும்போது பந்தயத்தைக் கூட்டுவதே அதன் பயன். அப்படியும் கிடைக்கும் சாதகம் 1 விழுக்காட்டை ஒட்டியதாகவே இருக்கும். எண்ணுவது மனத்தில் நடக்கும் கணக்கே என்பதால் அது மோசடி ஆகாது. ஆனால் நெவாடாவில் எண்ணுபவரை ஆட விடாமல் அனுப்பிவிடக் காசினோவுக்கு உரிமை உண்டு. நியூ ஜெர்சியில் சீட்டு எண்ணுபவரான கென் யூஸ்டன் தொடுத்த வழக்கில், காசினோ தானாக அவரை விலக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. ஆட்களை வெளியேற்ற முடியாத இடத்தில் கட்டுகளைக் கூட்டலாம், பாதியிலேயே கலைத்துப் போடலாம். ஆடிய சீட்டுகளை உடனுக்குடன் உள்ளே வாங்கிக் கலைக்கும் இயந்திரம் இருக்கும் மேசையிலோ எண்ணுவதால் எந்தப் பயனும் இல்லை. ஆக, இங்கும் மேசைதான் முதலில் வருகிறது.

இவ்வளவு வேறுபாடு இருந்தால் ஆடுபவர்களுக்கே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாது என்பதே என் அச்சம். ஒவ்வொரு கையிலும் ஏற்ற இறக்கம் மிகுதி. அதன் திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, பந்தயத்தைப் போல் ஏறத்தாழ 1.15 மடங்கு. ஒரே அளவு பந்தயம் கட்டி 1000 கைகள் ஆடினால், நல்ல மேசையில் எதிர்பார்க்கும் இழப்பு 5 பந்தயம். அதைச் சுற்றிய விலக்கமோ 36. அப்படி 100 பேர் ஆடினால் ஏறத்தாழ 44 பேர் லாபத்துடன் எழுந்து போவார்கள். 2 விழுக்காடு பிடிக்கும் மேசையிலும் 29 பேர் அளவுக்கு லாபம் காண்பார்கள், தங்கள் உத்தி வேலை செய்தது என்று நண்பர்களிடம் சொல்வார்கள். 10,000 கைகள் ஆடிய பிறகே வேறுபாடு தெளிவாகிறது: நல்ல மேசையில் மூன்றில் ஒருவர் இன்னும் லாபத்தில் இருப்பார், மற்றதில் 100க்கு நான்கு பேர்தான். தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டித்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு வரி: தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 127 பங்கு போயிருக்கும், எட்டாவதற்கு 128 பங்கு வேண்டும், மேசையின் உச்சவரம்பு பெரும்பாலும் அதற்கு முன்பே குறுக்கே நிற்கும்.

சூதாட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை தெரிந்து ஒரு பொழுதுபோக்குக்குப் பணம் செலவிடுவது வயது வந்தவர்களின் சொந்த முடிவு. விலையைச் சொல்லாமல் உத்தியை மட்டும் கற்பிப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. கற்றுக்கொண்டவர் தனக்குச் சாதகம் வந்துவிட்டதாக நம்பி, கட்டும் தொகையையும் ஆடும் நேரத்தையும் கூட்டிக்கொள்வார்.

எனவே, அந்த அட்டவணையை மறுபடி வெளியிடும் எண்ணம் இருந்தால், அதற்கு மேலே இரண்டு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுகள் எத்தனை, ஏஸுடன் வரும் 17இல் டீலர் நிற்கிறாரா எடுக்கிறாரா, மறைசீட்டு உண்டா, பிரித்த பின் இரட்டிக்கலாமா, சரண்டர் உண்டா, பிளாக்ஜாக்குக்கு 3:2 கொடுக்கிறார்களா 6:5 கொடுக்கிறார்களா என்பதும், அந்த விதிகளின்படி பிழையின்றி ஆடினாலும் 100க்கு எவ்வளவு போகும் என்பதும் அவ்வரிகளில் இடம்பெற வேண்டும். கட்டுரையாளரிடம் கேட்டால் இந்த விவரங்கள் கிடைத்துவிடும். இவை இல்லாமல் அந்த அட்டவணையை யாரும் கணக்கிட்டிருக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்